அப்கிரேடுக்குப் பிறகு ரெய்டு எழவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் இயக்குதளத்தை அடுத்த பதிப்புக்கு மாற்றிய மறுநாள் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. நேற்றுவரை ஓடிய ரெய்டு (பல வட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைத்த தொகுதி) இன்று காணவில்லை, அல்லது வேறு பெயரில் வந்து நிற்கிறது, அல்லது ஒரு வட்டை விட்டுவிட்டு எழுந்திருக்கிறது. கேட்பவர்களின் சொற்களிலேயே அந்தக் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள எம்டி இயக்கியும் எம்டிஆடம் கருவியும் சேர்ந்து நடத்தும் மென்பொருள் ரெய்டைப் பற்றியது மட்டுமே இந்தப் பக்கம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன்; முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.

அப்கிரேடு முடிந்து ரீபூட் செய்தேன், ரெய்டு வரவே இல்லை. டேட்டா எல்லாம் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. அப்கிரேடு மாற்றுவது கெர்னலையும், எம்டிஆடம் பதிப்பையும், கணினி எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கப் படிமத்தையும், சில அமைப்புக் கோப்புகளையும்தான். ரெய்டு எந்த வட்டுகளால் ஆனது, எந்த வட்டு எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதெல்லாம் ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. அப்கிரேடு அதைத் தொடுவதில்லை. வட்டுகள் நலமாக இருக்க, அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலைதான் எங்கோ தடைபட்டிருக்கிறது.

நான் பார்த்த நிரந்தர இழப்புகளில் பெரும்பகுதி அப்கிரேடால் நேர்ந்தவை அல்ல. அதற்குப் பிந்தைய அரை மணி நேரப் பதற்றத்தில் நேர்ந்தவை. ஆகவே காரணம் தெரியும்வரை வட்டுகளில் எதையும் எழுதாதீர்கள். கிரியேட், ஆட், ஜீரோ சூப்பர்பிளாக் ஆகிய எம்டிஆடம் கட்டளைகளும், கோப்பு முறைமையைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகேயும் இப்போது வேண்டாம்.

சரி, எதையும் எழுதவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள். நலமான இரு வட்டு ரெய்டு1 (ஒரே தரவை இரு வட்டிலும் வைக்கும் வகை) என்றால் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு யூ எழுத்துகள் இருக்கும்; ஒரு யூவின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த இடத்து வட்டு இல்லை என்று பொருள். தொகுதியே எழாமல் போயிருந்தால் இப்படி ஒரு வரி தெரியும்: «எம்டி127 : இனாக்டிவ் எஸ்டிபி1[1](எஸ்) எஸ்டிசி1[2](எஸ்)». இதில் எஸ் என்பதைக் கண்டு, தம் வட்டுகளெல்லாம் உதிரி வட்டுகளாக மாறிவிட்டன என்று பலர் அஞ்சுகிறார்கள். இயங்காத தொகுதியில் எல்லா வட்டுக்கும் அந்தக் குறி விழும். வட்டின் உண்மையான இடம் சூப்பர்பிளாக்கில் அப்படியே இருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு உறுப்பு வட்டின்மீதும் எம்டிஆடமின் எக்ஸாமின் கட்டளையை இயக்குங்கள். அது படிக்க மட்டுமே செய்யும். தொகுதியின் யூயூஐடி (தனித்த அடையாள எண்), வட்டின் இடம், ஈவென்ட்ஸ் என்ற எண்ணிக்கை, அப்டேட் டைம், டேட்டா ஆஃப்செட் (வட்டில் தரவு தொடங்கும் இடம்), சங்க் அளவு (ஒரு வட்டில் தொடர்ந்து எழுதப்படும் துண்டின் அளவு) எல்லாம் அதில் வரும். அந்த வெளியீடு முழுவதையும் வேறொரு கணினியிலோ பென்டிரைவிலோ சேமித்து வையுங்கள். கீழே உள்ள பல பதில்களுக்கு அந்தக் கோப்புதான் அடிப்படை.

எம்டி0 என்று இருந்தது இப்போது எம்டி127 என்று வருகிறதே, ஏன்?

கணினி எழும்போது, தொகுதிக்கு என்ன பெயர் என்று சொல்லும் எம்டிஆடம் கான்ஃபிக் கோப்பில் அதற்கான வரி இல்லாவிட்டால், அல்லது சூப்பர்பிளாக்கில் பதிந்திருக்கும் கணினிப் பெயரும் இப்போதைய கணினிப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், எம்டிஆடம் அதை வேற்றுக் கணினியின் தொகுதி என்று கருதி 127இல் தொடங்கி இறங்குவரிசையில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். இரண்டு தொகுதிகள் இருந்தால் 127, 126 என வரும். உள்ளே இருக்கும் தரவுக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

சரிசெய்ய, எம்டிஆடமின் டீடெயில் ஸ்கேன் கட்டளை தரும் அரே வரியைக் கான்ஃபிக் கோப்பில் இடுங்கள். டெபியன், உபுண்டுவில் அது ஈடிசி அடைவுக்குள் எம்டிஆடம் என்ற துணை அடைவில் இருக்கும், ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் நேரடியாக ஈடிசியிலேயே இருக்கும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பழைய வரியை நீக்காமல் கோப்பின் கடைசியில் புதிய வரியை ஒட்டிவிடுவது ஒன்று. ஒரே யூயூஐடிக்கு இரண்டு பெயர்கள் ஆகிவிடும். மற்றொன்று, எம்டி127 என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியீட்டை எடுத்துப் பெயரை மாற்றாமல் சேமிப்பது. அப்போது 127 என்பதே நிலைத்துவிடும்.

கான்ஃபிக் கோப்பைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ரீபூட் செய்தால் பழைய கதைதான்.

தொடக்கப் படிமத்துக்குள் அந்தக் கோப்பின் தனிப் பிரதி ஒன்று இருக்கிறது, கணினி எழும்போது படிக்கப்படுவது அந்தப் பிரதிதான். நீங்கள் திருத்தியது வட்டில் உள்ள மூலத்தை. படிமத்துக்குள் இருப்பது இன்னும் பழையது. டெபியன் வழி வந்தவற்றில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோரா வழியில் டிராகட், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ என்று அந்தந்தக் கருவியால் படிமத்தை மறுபடி உருவாக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கெர்னல்கள் நிறுவப்பட்டிருந்தால் நீங்கள் எந்தக் கெர்னலில் எழப்போகிறீர்களோ அதன் படிமம் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்காமல், நன்றாக எழும் பழைய கெர்னலின் படிமத்தை அப்படியே விட்டுவைப்பது என் வழக்கம். திரும்பிப்போக ஒரு வழி இருக்கும்.

எஃப்எஸ்டேபில் யூயூஐடிதான் போட்டிருக்கிறேன், ஆனாலும் மவுண்ட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது.

எஃப்எஸ்டேப் என்பது கணினி எழும்போது மவுண்ட் செய்ய வேண்டிய கோப்பு முறைமைகளின் பட்டியல்; அதில் எழுதியது எந்த யூயூஐடி என்பதுதான் கேள்வி. இங்கே இரண்டு இருக்கின்றன. தொகுதியின் யூயூஐடி, எட்டெட்டு எழுத்துகளாக நான்கு கூறுகள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு இருக்கும்; அது எம்டிஆடம் கான்ஃபிக் கோப்புக்கு உரியது. அந்தத் தொகுதியின்மேல் அமைந்த கோப்பு முறைமையின் யூயூஐடி, ஐந்து கூறுகளாக இடைக்கோட்டால் பிரிக்கப்பட்டு இருக்கும். எஃப்எஸ்டேபுக்கு உரியது அதுதான், பிஎல்கேஐடி கட்டளையில் அது தெரியும். முதலாவதை எஃப்எஸ்டேபில் எழுதினால் அந்த அடையாளத்துடன் ஒரு கோப்பு முறைமையும் கிடைக்காமல் கணினி காத்திருந்து எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். ரூட் அல்லாத தரவுத் தொகுதிகளுக்கு நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேர்த்துவிட்டால், ரெய்டு எழாவிட்டாலும் கணினியாவது எழும். தொலைவில் இருந்து சர்வரை நடத்துபவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் இடம் மாறிவிட்டன. ரெய்டின் வரிசை குலைந்துவிட்டதா?

இல்லை. அந்தப் பெயர்கள் கெர்னல் வட்டுகளைக் கண்டுபிடித்த வரிசையில் வருபவை. எம்டிஆடம் சூப்பர்பிளாக்கைப் பார்த்தே இடத்தை அறிகிறது. ஆனால் நீங்கள் கையால் கட்டளை இடும்போது, பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்த எஸ்டிபியும் இன்றைய எஸ்டிபியும் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். வட்டின் வரிசை எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனாக்டிவ் என்று நிற்கும் தொகுதியை எப்படி எழுப்புவது?

அதை முதலில் ஸ்டாப் கட்டளையால் நிறுத்துங்கள். அரைகுறையாகப் பிடித்துவைத்திருக்கும் வட்டுகளை அது விடுவிக்கும். பிறகு அசெம்பிள் கட்டளையை ஸ்கேன், வெர்போஸ் விருப்பங்களுடன் இயக்குங்கள். வெர்போஸ் கொடுத்தால் ஒவ்வொரு வட்டையும் எம்டிஆடம் ஏன் ஏற்றது, ஏன் விட்டது என்று ஒரு வரி எழுதும். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஒரு வட்டு மட்டும் குறைகிறது, மீதி வட்டுகள் போதும் என்ற நிலையானால் அசெம்பிளோடு ரன் விருப்பத்தையும் சேர்த்தால் குறைந்த வட்டுகளோடு தொகுதி எழும். சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் வட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர எம்டிஆடம் காத்திருக்கிறது. கடைசி வட்டு வராவிட்டால் 30 வினாடிக்குப் பிறகு ஒரு டைமர் தொகுதியை இருப்பதைக்கொண்டு எழுப்புகிறது. ஆகவே எழுந்த உடனே பார்க்கும் இனாக்டிவ் நிலை சில நேரம் தானே சரியாகிவிடும்.

«டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி» என்று சொல்கிறது. மவுண்டும் செய்யவில்லை, யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அந்த வட்டுக்குக் கீழே என்ன தொங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன அரைகுறைத் தொகுதிதான் இருக்கும். அது இல்லாவிட்டால், அப்கிரேடில் புதிதாக இயங்கத் தொடங்கிய மல்டிபாத் சேவை (ஒரே வட்டுக்கான பல பாதைகளை ஒன்றாக்குவது) வட்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்திருக்கலாம். மல்டிபாத் வேண்டாத கணினியில் அந்த வட்டுகளை அதன் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மதர்போர்டு தரும் ரெய்டை எப்போதோ பயன்படுத்திய வட்டுகளில் அதன் எச்சக் குறிப்பு வட்டின் கடைசியில் இருந்து இதே தொல்லையைத் தருவதும் உண்டு. அதை வைப்எஃப்எஸ் கருவியால் நீக்கலாம், ஆனால் அது எழுதும் வேலை. எல்லாம் எழுந்து, பிரதி எடுத்த பிறகு செய்யுங்கள்.

பழைய கெர்னலில் எழுகிறது, புதிய கெர்னலில் எழவில்லை. இதற்கு என்ன பொருள்?

வட்டுகள் நலம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கணினி எழும்போது கிரப் என்ற தொடக்க நிரலின் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். இனிப் பார்க்க வேண்டியது புதிய படிமத்தில் என்ன குறைகிறது என்பதை. ரெய்டு 4, 5, 6 மூன்றும் ரெய்டு456 என்ற ஒரே மாட்யூலில் (கெர்னலில் தனியே ஏற்றப்படும் பகுதி) இருக்கின்றன; அது படிமத்தில் ஏறாமல் போனால் ரெய்டு1இல் உள்ள ரூட் எழும், ரெய்டு5இல் உள்ள தரவு எழாது.

லீனியர் வகைத் தொகுதி (வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பது) வைத்திருப்பவர்களுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கெர்னல் 6.8இல் அந்த ஆதரவு நீக்கப்பட்டது. பின்னர் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட கெர்னலில் இருந்தால் பழையதற்கோ புதியதற்கோ நகர்வதுதான் வழி.

எழுந்துவிட்டது, ஆனால் ஆட்டோ ரீட் ஒன்லி என்றும் ரீசிங்க் பெண்டிங் என்றும் காட்டுகிறது.

இது பிழை அன்று; இப்போதைக்குப் படிக்க மட்டும் திறந்திருக்கிறது, வட்டுகளை ஒத்திசைக்கும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். முதல்முறை எழுதும் வேலை வரும்வரை தொகுதி அந்த நிலையில் காத்திருக்கும். மவுண்ட் செய்து எழுதத் தொடங்கினால் தானே மாறும். உடனே மாற வேண்டுமானால் ரீட்ரைட் விருப்பம் இருக்கிறது.

ஒரு வட்டு மட்டும் வெளியே நிற்கிறது. திரும்பச் சேர்த்துவிடலாமா?

முதலில் அது எப்போது வெளியேறியது என்று பாருங்கள். எக்ஸாமின் வெளியீட்டில் உள்ள ஈவென்ட்ஸ் எண், தொகுதியின் நிலை மாறும்போதெல்லாம் கூடிக்கொண்டே போகும். மற்ற வட்டுகளில் 48211 என்றும் இதில் 48209 என்றும் இருந்தால் இப்போதுதான் விலகியிருக்கிறது. இதில் 31007 என்று இருந்து, அப்டேட் டைம் சில மாதங்களுக்கு முந்தையதாக இருந்தால், அந்த வட்டு அன்றே விழுந்துவிட்டது, அப்கிரேடின் ரீபூட்டில்தான் நீங்கள் கவனித்தீர்கள். இது நான் அடிக்கடி காணும் காட்சி. எம்டிஆடம் கான்ஃபிக்கில் மெயில் முகவரி எழுதி, மானிட்டர் கட்டளையின் டெஸ்ட் விருப்பத்தால் மடல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பார்க்காத கணினிகளில்தான் இது நடக்கிறது.

வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் குறை இல்லை, கேபிளும் சரி என்றால் ரீஆட் கொடுங்கள். ரைட் இன்டென்ட் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) உள்ள தொகுதியானால் விலகியிருந்தபோது மாறிய பகுதிகள் மட்டும் நகலாகி, வேலை சில நிமிடங்களில் முடியக்கூடும். ரீஆட் மறுக்கப்பட்டால் ஆட் கொடுத்து முழு வட்டையும் மீட்டெழுத வேண்டியிருக்கும். அதற்கு முன் முக்கியமான தரவைப் பிரதி எடுத்துவிடுங்கள். மீட்டெழுதும்போது மற்ற வட்டுகள் ஒவ்வொன்றும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்படுகின்றன, மறைந்திருந்த பழுது வெளிப்படுவது அப்போதுதான்.

மீட்டெழுதும்போது நடுவில் நல்ல வட்டும் கழன்று விழுகிறது. ஸ்மார்ட் பார்த்தால் பெரிய பழுது இல்லை.

இது நேர ஒதுக்கீட்டுச் சிக்கலாக இருக்கலாம். மேசைக் கணினிகளுக்கான வட்டு, படிக்க முடியாத ஒரு செக்டரோடு (வட்டின் மிகச் சிறிய பகுதி) இரண்டு நிமிடத்துக்கும் மேல் போராடக்கூடும். லினக்ஸ் கெர்னலோ 30 வினாடிகளில் பொறுமை இழந்து வட்டின் இணைப்பையே மீட்டமைக்கும். ஒரு செக்டருக்காக முழு வட்டும் தொகுதியிலிருந்து வெளியேறிவிடும். வட்டு ஏற்றுக்கொண்டால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் எஸ்சிடி ஈஆர்சி அமைப்பில் (பிழையோடு வட்டு போராடும் நேரத்துக்கான வரம்பு) வரம்பை 7 வினாடியாக வையுங்கள். அதன் அலகு வினாடியில் பத்தில் ஒன்று என்பதால் இட வேண்டிய மதிப்பு 70. ஏற்காத வட்டுக்கு, சிஸ் அடைவில் அந்த வட்டுக்குரிய டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதுங்கள். இரண்டுமே மின்சாரம் நின்றால் மறந்துபோகும் அமைப்புகள், ஆகவே கணினி எழும்போதெல்லாம் இடப்படும்படி செய்ய வேண்டும். அப்கிரேடில் அந்தத் தொடக்க ஸ்கிரிப்ட் தொலைந்துபோனதால் தொடங்கிய தொல்லையையும் பார்த்திருக்கிறேன்.

ரெய்டு5இல் நான்கில் இரண்டு வட்டுகள் வெளியே நிற்கின்றன. ஃபோர்ஸ் கொடுக்கலாமா?

ரெய்டு5 ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கும், ஆகவே ஈவென்ட்ஸ் எண்களை வைத்து முடிவுசெய்யுங்கள். முன்பு சொன்ன எண்களையே எடுத்துக்கொண்டால், 48211, 48211, 48209, 31007 என்று நான்கு வட்டுகள் இருக்கும் நிலையில், முதல் மூன்றை மட்டும் பெயர் சொல்லி அசெம்பிள், ஃபோர்ஸ் கொடுத்து எழுப்புவது நியாயமானது. இரண்டு ஈவென்ட் வேறுபாடு என்பது கடைசி நொடிகளின் எழுத்து. 31007 உள்ள வட்டைக் கட்டளையில் சேர்க்கவே கூடாது. பல மாதப் பழைய தரவு புதியதோடு கலந்தால் கோப்பு முறைமை சிதைந்துவிடும்.

ஃபோர்ஸ் சூப்பர்பிளாக்கை மாற்றி எழுதும் என்பதால், முதலில் மேலடுக்கு ஒன்றை அமைத்து ஒத்திகை பாருங்கள். டிஎம்செட்அப் கருவியின் ஸ்னாப்ஷாட் வசதியைக் கொண்டு ஒவ்வொரு வட்டுக்கும் மேலே ஒரு அடுக்கை உருவாக்கினால், படிப்பது உண்மையான வட்டிலிருந்தும் எழுதுவது வேறு வட்டில் உள்ள ஒரு கோப்புக்கும் போகும். அந்த அடுக்குகளைக் கொண்டு தொகுதியை எழுப்பி, படிக்க மட்டும் மவுண்ட் செய்து, பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்து பார்த்து, மனநிறைவு ஏற்பட்ட பிறகு உண்மை வட்டுகளில் அதையே செய்யலாம். அமைக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து செலவிடுங்கள்.

அதே வட்டுகளை வைத்து கிரியேட், அஸ்யூம் க்ளீன் கொடுத்தால் டேட்டா அப்படியே இருக்கும் என்று ஒருவர் சொன்னாரே?

புதிய தொகுதியை உருவாக்கும் கிரியேட்டிடம், வட்டுகள் ஏற்கெனவே ஒத்திசைந்தவை என்று சொல்வதே அஸ்யூம் க்ளீன். அது கடைசிக்கும் கடைசியான வழி. கிரியேட் புதிய சூப்பர்பிளாக்கை எழுதும்போது நீங்கள் சொல்லாத ஒவ்வொன்றுக்கும் இன்றைய பதிப்பின் இயல்பு மதிப்பை இடுகிறது, அந்த மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. சங்க் அளவு முன்பு 64 கேபி, எம்டிஆடம் 3.1 முதல் 512 கேபி. சூப்பர்பிளாக் 0.90 வடிவத்தில் வட்டின் கடைசிப் பகுதியில் இருந்தது; இப்போதைய 1.2 வடிவத்தில் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கிறது.

டேட்டா ஆஃப்செட்தான் மிகவும் ஏமாற்றுவது. பழைய தொகுதியில் தரவு 2048ஆவது செக்டரில், அதாவது 1 எம்பியில் தொடங்கியிருக்க, இன்றைய கருவி 262144ஆவது செக்டரில், அதாவது 128 எம்பியில் தொடங்குவதாக எழுதிவிடலாம். தொகுதி எழும், எம்டிஸ்டாட்டில் எல்லா யூவும் தெரியும், மவுண்ட் மட்டும் ஆகாது. அந்த நேரத்தில் எஃப்எஸ்சிகே இயக்கியவர்களின் தரவை என்னால் மீட்டுத்தர முடிந்ததில்லை. இரண்டாவது பதிலில் சேமிக்கச் சொன்ன எக்ஸாமின் வெளியீடு இருந்தால் இந்த மதிப்புகளையெல்லாம் கட்டளையில் வெளிப்படையாகச் சொல்ல முடியும். அப்போதும் மேலே சொன்ன மேலடுக்கின்மீதுதான்.

ரெய்டு0, வெவ்வேறு அளவு வட்டுகள். டிஃபால்ட் லேஅவுட் 1 அல்லது 2 என்று வை என்று கெர்னல் கேட்கிறது. எதை வைப்பது?

இதற்குப் பின்னால் உண்மையான ஒரு பிழை இருக்கிறது. ரெய்டு0 தரவைத் துண்டுதுண்டாக எல்லா வட்டுகளிலும் பரப்புகிறது. அளவு வேறுபட்ட வட்டுகளில், சிறிய வட்டு தீர்ந்த பிறகு மீதி இடம் பெரிய வட்டுகளில் மட்டும் பரவும். அந்த இரண்டாம் மண்டலத்தில் எந்தத் துண்டு எங்கே என்று கணக்கிடும் முறை 2014இல் வந்த கெர்னல் 3.14இல் அறியாமல் மாறிவிட்டது. ஆகவே 5.4 முதல் கெர்னல், தானே ஊகிக்காமல் உங்களைக் கேட்கிறது. 3.14க்கு முந்தைய கெர்னலில் எழுதப்பட்ட தரவு என்றால் 1. அதற்குப் பிந்தையது என்றால் 2. கெர்னல் கட்டளை வரியில் ரெய்டு0 மாட்யூலின் டிஃபால்ட் லேஅவுட் என்ற அளவுருவுக்கு அந்த எண்ணைக் கொடுங்கள்.

உறுதியாகத் தெரியாவிட்டால் படிக்க மட்டும் மவுண்ட் செய்து பெரிய கோப்புகளைச் சோதியுங்கள். தவறான எண்ணிலும் மவுண்ட் ஆகிவிடக்கூடும், முதல் மண்டலத்தில் உள்ளவை சரியாகவே தெரியும். ஆகவே இரண்டு கோப்பு திறந்தது என்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். எல்லா வட்டும் ஒரே அளவு என்றால் இந்தக் கேள்வியே எழாது.

பார்டிஷன் போடாமல் முழு வட்டையே ரெய்டில் சேர்த்திருந்தேன். மதர்போர்டையும் மாற்றினேன். இப்போது ஒரு வட்டில் சூப்பர்பிளாக்கே இல்லை என்கிறது.

மதர்போர்டின் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் அதன்மேல் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். வட்டில் முன்பொரு காலத்தில், அதன் பிரிவுகளைக் குறிக்கும் ஜிபிடி பார்டிஷன் அட்டவணை இருந்திருந்தால் அதன் மாற்றுப் பிரதி வட்டின் கடைசியில் தங்கியிருக்கும். முதன்மை அட்டவணை சிதைந்துவிட்டது என்று நினைத்துச் சில நிரல்கள் அந்தப் பிரதியிலிருந்து தொடக்கத்தில் மறுபடி எழுதிவிடுகின்றன. ஜிபிடியின் பட்டியல் 1 கேபியிலிருந்து 17 கேபிவரை நீளும், 1.2 சூப்பர்பிளாக் இருப்பது 4 கேபியில். நேர்மேலே விழுகிறது. தரவு தொடங்குவது அதைவிட வெகு தொலைவில் என்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரு வட்டு மட்டும் இப்படி ஆகியிருந்து, மற்றவை போதுமானால், தொகுதியை அவற்றைக்கொண்டு எழுப்பிப் பிரதி எடுத்துவிட்டு, இந்த வட்டில் தொடக்கத்து அட்டவணை, கடைசிப் பிரதி இரண்டையும் ஜிடிஸ்கின் ஜாப் வசதியால் அழித்து, ஆட் கொடுங்கள். கடைசியில் உள்ளதை அழிக்க மறந்தால் அடுத்த ரீபூட்டிலும் இதுவே நடக்கும். பல வட்டுகளில் ஒரே நேரத்தில் நடந்திருந்தால் மட்டும், சேமித்த ஆஃப்செட்டுடனும் மேலடுக்குடனும், அஸ்யூம் க்ளீன் வழி. இனிமேல் பார்டிஷன் போட்டே சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்டிஷன் முழு வட்டைவிட ஏறத்தாழ 1 எம்பி குறைவாக இருக்கும், ஏற்கெனவே முழு வட்டின் அளவில் அமைந்த தொகுதி அதை இடம் போதவில்லை என்று மறுக்கக்கூடும், அப்படி மறுத்தால், இரு அட்டவணையும் அழிந்த முழு வட்டையே சேர்த்துக்கொள்ளுங்கள்.